கடலோர வண்டிகளின் அடிப்பகுதித் துரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை கடலை ஒட்டி வண்டி வைத்திருப்பவர்களுக்காக எழுதியது இது. கார், ஜீப், மினி லாரி, மீன் வண்டி எல்லாவற்றுக்கும் பொருந்தும். கதவில் ஒரு கீறல் விழுந்தால் நமக்கு மனம் பதைக்கிறது. மொத்த எடையையும் தாங்கும் சேசிஸை ஆண்டுக்கு ஒரு முறைகூடக் குனிந்து பார்ப்பதில்லை. பார்க்கும்போது தகடு பெயர்ந்து கையோடு வந்துவிடுகிறது. அந்த நிலைக்குப் போகாமல் தடுக்க முடியும், பெரிய செலவும் ஆகாது.

நம் ஊரில் பனி இல்லை, சாலையில் உப்புத் தூவுவதும் இல்லை. அப்புறம் ஏன் இவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது?

யாரும் தூவ வேண்டியதில்லை, கடற்காற்றே கொண்டுவந்து போடுகிறது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றோடு வந்து வண்டியின் எல்லா இடுக்கிலும் படிகின்றன. நீரும் ஆக்சிஜனும் இருந்தாலே இரும்பு துருப்பிடிக்கும். அந்த நீரில் உப்பும் கரைந்திருந்தால் அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துரு என்பது மின்வேதி வினை, அதனால் வேகம் பல மடங்கு கூடிவிடுகிறது.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம் உண்டு. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே கசிந்து கரையும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீதத்திலேயே கசியத் தொடங்கிவிடும். நம் கடற்கரையில் காற்று அந்த அளவுக்கு வறண்டுபோகும் நாள் மிக அரிது. ஆகவே மழையே பெய்யாத மாசி, பங்குனியிலும் வண்டியின் அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியாத ஈரத்தில் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது. மழை பெய்தால் மேல்பக்க உப்பாவது கழுவிக்கொண்டு போகும். மழைத்துளி நேராகப் படாத அடிப்பக்கத்தில் அது சேர்ந்துகொண்டே இருக்கும்.

இந்தக் காற்றின் குணத்தை அறிய பாம்பன் பாலத்தைப் பாருங்கள். 1914-இல் திறந்த பழைய இரும்புப் பாலம் நூறாண்டுக்கு மேல் நின்றது என்றால், அதற்குக் காரணம் விடாமல் சுரண்டிப் பெயிண்ட் அடித்துவந்த ஊழியர்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் என்ற சிறப்புப் பூச்சும் தேவைப்பட்டன. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோக அரிப்பை ஆராய்வதற்கென்றே பாம்பனுக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அந்தக் காற்றில்தான் நம் வண்டிகளும் நிற்கின்றன.

குனிந்து பார்த்தால் எல்லாமே கறுப்பாகத்தான் தெரிகிறது. எங்கே பார்க்க வேண்டும்?

ஈரமும் மண்ணும் தங்கும் இடங்களில். சக்கர வளைவின் உள்விளிம்பு, கதவுக்குக் கீழே முன்னும் பின்னுமாக ஓடும் சில் பகுதி, கதவின் அடி மடிப்பு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி, பேட்டரித் தட்டு, வைப்பருக்குக் கீழே இலைச்சருகு சேரும் பள்ளம். மாருதி ஸ்விஃப்ட் போன்ற மோனோகாக் கார்களுக்குத் தனி சேசிஸ் கிடையாது, உடலே சட்டம். அதனால் சில் பகுதி அரித்துப்போனால் அழகோடு பலமும் போய்விடும்.

பொலேரோ, ஸ்கார்பியோ, இன்னோவா கிரிஸ்டா, மினி லாரிகள் இவற்றுக்கு ஏணி வடிவ சேசிஸ். இவற்றில் பின்பாதியை முதலில் பாருங்கள். பின் குறுக்குச் சட்டம், பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் பிராக்கெட், ஸ்டெப்னி தொங்கும் இடம், டீசல் டாங்கின் பெல்ட்டுக்கு அடியில். முன்பக்கம் எஞ்சின் ஆயில் கொஞ்சம் கசிந்து பூசியபடி இருப்பதால் பல வண்டிகளில் அங்கே துரு குறைவு. பின்பக்கத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, சக்கரம் வாரி அடிக்கும் சேறும் அங்கேதான் போய் ஒட்டுகிறது.

இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ரிவெட் அடித்த லாரி சேசிஸ்களில் இடைவெளியைக் கவனியுங்கள். துரு தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடத்தை அடைக்கும். தகடுகளுக்கு நடுவே அது உப்பி, கனத்த தகட்டையே நெளித்துவிடும். அப்படி நெளிந்திருந்தால் வெளியே பெயிண்ட் அடித்துப் பயனில்லை.

மேலோட்டமான துருவா, ஆழமாகப் போய்விட்டதா என்று எப்படித் தெரியும்?

ஒரு சிறு சுத்தியலும் ஒரு பழைய திருப்புளியும் போதும். துருவைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டுத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் உள்ளே கெட்டியாக இருக்கிறது. பொத்தென்று அடங்கிய சத்தம் வந்தால் தகடு மெலிந்துவிட்டது, அல்லது உள்ளே துருச்செதில் நிறைந்திருக்கிறது. அப்புறம் திருப்புளி முனையால் அழுத்துங்கள். பள்ளம் விழுந்தாலோ உள்ளே இறங்கினாலோ அது பெயிண்ட் வேலையைத் தாண்டிவிட்டது.

தேய்த்ததும் பளபளப்பான இரும்பு தெரிந்தால் மேல்துரு. நீங்களே ஒரு விடுமுறை நாளில் சரிசெய்யலாம். அடுக்கடுக்காகச் செதில் உதிர்ந்தால் நடுநிலை. செதிலை முழுக்க எடுத்த பிறகுதான் மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியும். காரின் தரைத்தகடு ஒரு மில்லிமீட்டரைவிட மெலிது என்பதை நினைவில் வையுங்கள். அதில் சிறு குழி விழுந்தாலும் சீக்கிரம் ஓட்டையாகிவிடும்.

சேசிஸ் துரு உண்மையிலேயே ஆபத்தா? மெக்கானிக் பயமுறுத்துகிறாரோ?

ஓட்டை விழும் நிலைக்கு வந்திருந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள். ஸ்பிரிங் பிராக்கெட் பெயர்ந்தால் ஆக்ஸில் இடம் மாறும், வளைவில் வண்டி கையில் நிற்காது. அமெரிக்காவில் பனிப்பகுதிச் சாலை உப்பால் டகோமா, டண்ட்ரா, செகோயா வண்டிகளின் சேசிஸ் அரித்துப்போன வழக்கில், சுமார் 15 லட்சம் வண்டிகளைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் சேசிஸையே மாற்றித்தர டொயோட்டா 2016-இல் ஒப்புக்கொண்டது. அதன் மதிப்பு 340 கோடி டாலர் வரை என்று கணக்கிட்டார்கள். உடல் பளிச்சென்று இருக்க, சேசிஸ் மட்டும் உளுத்துப்போக முடியும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை அடிப்பகுதியைக் கழுவ வேண்டும்?

கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் வண்டி நின்றால் மாதம் ஒரு முறை. உள்ளே தள்ளி இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். மழைக்காலம் முடிந்ததும் கட்டாயம் ஒரு முறை.

அழுத்தத்தைவிடத் தண்ணீரின் அளவுதான் முக்கியம். உப்பு கரைந்து போவதற்கு நிறையத் தண்ணீர் வேண்டும், பீய்ச்சி அடிப்பது சேற்றை உடைக்கத்தான் உதவும். தோட்டத்துக் குழாயை வண்டிக்கு அடியில் நீட்டி, ஒவ்வொரு சக்கர வளைவிலும் சில் ஓரத்திலும் நிதானமாக ஓடவிட்டாலே பாதி வேலை முடிந்தது. வாட்டர் சர்வீஸில் விட்டால் வீல் பேரிங் பக்கமும் ஒயர் கனெக்டர்களிலும் நேராக அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுவியதும் நிழலில் மூடிவைக்காமல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். அடிப்பக்கம் காய அதைவிட நல்ல வழி இல்லை.

வீட்டில் ஆர்.ஓ. கழிவு நீர் வீணாகிறதே, அதில் கார் கழுவலாமா?

வேண்டவே வேண்டாம். தண்ணீரைச் சேமிக்கும் எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்தக் கருவி நல்ல நீரைப் பிரித்தெடுத்துவிட்டு, உப்பு முழுவதையும் கழிவுக் குழாயில்தான் தள்ளுகிறது. உள்ளே போன நீரைவிட அதில் உப்பு அடர்த்தி கூடுதல். ஏற்கெனவே உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்றப் பயன்படுத்துங்கள்.

கடலோரத்தில் போர் தண்ணீரே உப்பாக இருக்கும் வீடுகளில் இது பெரிய சிக்கல். சேற்றைப் போக்க அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தினாலும், கடைசியில் இரண்டு மூன்று குடம் நல்ல தண்ணீரால் அலசி முடியுங்கள். அதற்கும் வழியில்லையா? பிடித்துவைத்த மழைநீர் இருந்தால் அதைவிடச் சிறந்தது கிடையாது. வாட்டர் சர்வீஸ் கடைக்குப் போனாலும் அங்கே என்ன தண்ணீர் என்று கேளுங்கள். வாயில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

டீசல் வாஷ், அதாவது அடிப்பகுதியில் டீசல் அடித்துக் கழுவுவது, செய்யலாமா? பழைய எஞ்சின் ஆயில் அடித்தால் துருவே வராது என்கிறார்களே?

லாரிப் பட்டறைகளில் இது பழைய வழக்கம், அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. எண்ணெய்ப் படலம் நீரை விலக்கும். ஆனால் எஞ்சினில் எரிந்து வந்த ஆயிலில் அமிலமும் உலோகத்துகளும் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களும் சேர்ந்திருக்கின்றன. அதை ஸ்பிரே செய்பவர் மூச்சில் இழுக்கிறார், அந்தப் பட்டறைப் பையனுக்குத்தான் முதல் பாதிப்பு. வண்டியிலிருந்து சொட்டுவது மண்ணில் போய்ச் சேருகிறது. இதோடு, டீசலும் ஆயிலும் ரப்பர் புஷ்களை ஊறவைத்து உப்பச் செய்யும். அடுத்த ஆண்டு சஸ்பென்ஷன் புஷ் செலவு வரும்போது யாரும் டீசல் வாஷை நினைத்துப் பார்ப்பதில்லை. சைலன்சர் சூட்டில் பட்டால் புகையும், தீப்பிடிக்கும் வாய்ப்பும் உண்டு.

எண்ணெய் வகையே வேண்டும் என்றால், ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுக்கும் லானோலின் ஸ்பிரே அல்லது துருத்தடுப்பு மெழுகு ஸ்பிரே வாங்குங்கள். விலை கூடுதல்தான். ஆண்டுக்கொரு முறை திரும்ப அடிக்க வேண்டும். ஆனால் இவை காய்ந்து வெடிப்பதில்லை, சிறு கீறலுக்குள்ளும் ஊர்ந்து போகும். ஏற்கெனவே லேசாகத் துரு தொட்ட பழைய சேசிஸுக்கு எனக்குத் தெரிந்து இதைவிடப் பொருத்தமான பூச்சு இல்லை.

புது கார் எடுக்கிறோம். ஷோரூமில் அண்டர்பாடி கோட்டிங் போடச் சொல்கிறார்கள். தேவையா?

தொழிற்சாலையிலேயே காரின் உடல் முழுவதையும் பெயிண்ட் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி ஒரு பிரைமர் படிய வைக்கிறார்கள். சுமார் 20 மைக்ரான் கனம்தான், ஆனால் இடுக்குகளிலும் போய் ஒட்டும். அதன்மேல் மூட்டுகளில் சீலன்ட், அடியில் பி.வி.சி. பூச்சு. பல மாடல்களில் துத்தநாகம் பூசிய தகடும் உண்டு. ஊட்டியிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவருக்கு இதுவே போதும் என்பேன். கடலோரத்தில் நிற்கப்போகும் வண்டிக்குக் கூடுதல் பூச்சு பயன்படும், ஆனால் எப்படிப் போடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

டெலிவரிக்கு முதல் நாள் அவசரமாக, கழுவிய ஈரம்கூடக் காயாமல் அடித்துக் கொடுத்தால், போடாமல் இருப்பது மேல். நல்ல வெயில் நாளில், சக்கரங்களைக் கழற்றி, பிளாஸ்டிக் லைனரை எடுத்துவிட்டு அடிக்க வேண்டும். சைலன்சர், பிரேக் டிஸ்க், பிரேக் ஹோஸ், சென்சார்கள், டிரைவ் ஷாஃப்ட் எல்லாவற்றையும் மூடியிருக்க வேண்டும். மிக முக்கியமாக, வடிகால் துளைகள் அடைபடக் கூடாது. முடிந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். நிற்க விடமாட்டோம் என்றால் வேறு கடை பாருங்கள்.

பழைய வண்டி, அடியில் கொஞ்சம் துரு இருக்கிறது. அதன்மேல் கோட்டிங் அடித்துவிட்டால் நின்றுவிடாதா?

நிற்காது. இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

துருவுக்குள் உப்பும் ஈரமும் ஏற்கெனவே இருக்கின்றன. அதன்மேல் தார் போன்ற கனமான கறுப்புப் பூச்சை அடித்தால் அவை வெளியேற வழியில்லை. பூச்சு எங்காவது கல் பட்டு வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், ஆனால் திரும்பி வராது. வெளியே பார்த்தால் கன்னங்கரேலென்று புதிதாகத் தெரியும். உள்ளே தகடு தின்னப்பட்டுக்கொண்டிருக்கும். பூச்சு இல்லாத துருவையாவது கண்ணால் பார்த்திருப்போம், இங்கே அதுவும் முடியாது. கடலோரப் பட்டறைகளில் பூச்சைச் சுரண்டினால் பாளமாகப் பெயர்ந்து, பின்னாலேயே இரும்பும் செதிலாக வருவது அன்றாடக் காட்சி.

பூச்சு என்பது நல்ல இரும்பைக் காப்பதற்கு மட்டும். கெட்ட இரும்பை அது குணப்படுத்தாது. கழுவுவது, காயவைப்பது, துருவை எடுப்பது, அப்புறம்தான் பூச்சு. இந்த வரிசை மாறினால் கொடுத்த பணம் வண்டிக்கு எதிராகவே வேலை செய்யும்.

சரி, மேல்துருவை நானே எடுக்கிறேன். முறையாகச் சொல்லுங்கள்.

முதலில் உயிர். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். சமதளத்தில் நிறுத்தி, தூக்கி, ஸ்டாண்டுகளில் உட்காரவைத்து, கீழே நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். செங்கல்லை அடுக்கி வைப்பது கூடாது, அது திடீரென்று நொறுங்கும். கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

துரு எடுப்பதற்கு முன்பே நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி முழுக்கக் காயவிடுங்கள். பலரும் விட்டுவிடும் படி இது. உப்போடு தேய்த்தால் அதை இரும்பின் குழிகளுக்குள் நாமே அழுத்திவிடுகிறோம். பிறகு அதன்மேல் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் சில மாதத்தில் கொப்புளம் போட்டுக் கிளம்பும். காய்ந்ததும் சுரண்டியால் செதிலை எடுத்து, கம்பி பிரஷ், அதன்பின் உப்புத்தாள். கிரைண்டரில் கம்பிக் கோப்பை போட்டால் வேகம், ஆனால் மெல்லிய தகட்டில் அழுத்தித் தேய்க்க வேண்டாம். துரு இருக்கும் இடத்தோடு நிறுத்தாமல் சுற்றியும் இரண்டு மூன்று விரல் அகலம் நல்ல பெயிண்ட் வரை தேயுங்கள். துரு பெயிண்டுக்கு அடியில் ஊர்ந்து போயிருக்கும். இன்னொரு முறை நல்ல தண்ணீரில் துடைத்து, உடனே காயவைத்து, தின்னர் தோய்த்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள்.

அதே நாளில் பிரைமர் அடித்துவிட வேண்டும். தேய்த்த இரும்பை இரவு விட்டால் காலையில் கடற்காற்றில் மஞ்சள் பூத்திருக்கும். எபாக்சி பிரைமர் இரண்டு கோட், அதன்மேல் சேசிஸ் பெயிண்ட் இரண்டு கோட். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்துவிட்டு விடுவது நம் ஊரில் சகஜம். ஆனால் அது அடித்தளம்தான், மேலே பெயிண்ட் இல்லாவிட்டால் ஈரம் ஊடுருவும். துத்தநாகம் மிகுந்த பிரைமர் வாங்கினால் அது பளபளக்கும் வெறும் இரும்பில்தான் வேலை செய்யும். துருவின்மேலோ, துருவை மாற்றும் திரவமான ரஸ்ட் கன்வர்ட்டர் மேலோ அடித்தால் துத்தநாகத்துக்கும் இரும்புக்கும் தொடர்பே இருக்காது.

வேலை செய்யும் நேரம் காலை பத்து மணிக்கு மேல், பிற்பகல் வரை. அதிகாலையில் இரும்பு குளிர்ந்து பனித்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். புரட்டாசிக்குள் முடித்துவிட்டால் மழையை நிம்மதியாகச் சந்திக்கலாம்.

ரஸ்ட் கன்வர்ட்டர் என்று விற்கிறார்களே, தேய்க்காமலே துருவை மாற்றிவிடுமா?

தேய்க்காமல் முடியாது. அதில் இருப்பது பெரும்பாலும் பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானிக் அமிலம். இரும்போடு இறுக ஒட்டியிருக்கும் மெல்லிய துருவோடு சேர்ந்து, கறுத்த நிலையான சேர்மமாக மாற்றும். உதிரும் செதிலின் மேல் ஊற்றினால் மேல்தோலை மட்டும் மாற்றிவிட்டு நிற்கும். உப்பையும் அது நீக்காது. பிரஷ் போக முடியாத குழிகளுக்கும் மூலைகளுக்கும் நல்ல துணை. கையுறை போட்டுத் தடவி, டப்பாவில் சொன்ன நேரம் காயவிட்டு, கட்டாயம் மேலே பெயிண்ட் அடியுங்கள்.

சேசிஸின் உள்பக்கம் கூடாக இருக்கிறதே, அங்கே எப்படிப் போவது?

பெரும்பாலான வண்டிகள் சாவது உள்ளிருந்து வெளியேதான். சில் பகுதி, பெட்டி வடிவச் சட்டம், கதவு இவற்றுக்குள் மழைநீர் போவது இயல்பு. போன நீர் வடிவதற்காகவே அடியில் சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். அவை சேறாலோ பூச்சாலோ அடைபட்டால் கூடு முழுக்கத் தொட்டியாகிவிடும். பிளாஸ்டிக் கட்டும் டேக் ஒன்றையோ மெல்லிய கம்பியையோ விட்டு ஒவ்வொரு துளையையும் திறந்துவிடுங்கள். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் இதைச் செய்ய அரைமணி நேரம்தான் ஆகும், காசு எதுவும் செலவில்லை. துரு தடுப்பில் இதற்கு ஈடான வேலை இன்னொன்று இல்லை.

அதன்பின் உள்மெழுகு. நீண்ட குழாயோடு வரும் கேவிட்டி வேக்ஸ் ஸ்பிரேயைத் துளை வழியாக உள்ளே விட்டு, பின்னிழுத்துக்கொண்டே அடிக்க வேண்டும். முடிந்ததும் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று மறுபடி பாருங்கள்.

ஓட்டை விழுந்துவிட்டது. பேட்ச் வெல்டிங் செய்தால் போதுமா?

தரைத்தகடு, சக்கர வளைவு, ஸ்டெப்னிக் குழி என்றால் நல்ல டிங்கர் ஒருவர் செய்துவிடுவார். கெட்ட தகட்டை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல இரும்பு தெரியும் விளிம்பில் புதுத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும். துருத்தகட்டின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டினால் நடுவில் ஈரம் தேங்கும். பைபர், புட்டி, அலுமினியத் தாள் போட்டு மறைப்பது ஏமாற்று வேலை. வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள், பெட்ரோல் டாங்கும் பைப்பும் பக்கத்தில் இருந்தால் எடுத்துவிட வேண்டும். முடிந்தபின் பற்றவைப்பின் பின்பக்கத்துக்கும் பிரைமர், மெழுகு போக வேண்டும். அந்த வெந்த இரும்புதான் முதலில் துருப்பிடிக்கும்.

சேசிஸ் என்றால் கதை வேறு. மேல், கீழ் விளிம்புகளில் வெல்டிங்கோ புதுத் துளையோ போடக் கூடாது, வண்டியின் சுமை முழுக்க அங்கேதான் விழுகிறது. ஸ்பிரிங், ஸ்டியரிங் பிடிமானத்துக்குப் பக்கத்தில் அரித்திருந்தால் அந்தத் துண்டையே நிறுவனத்தின் முறைப்படி மாற்ற வேண்டும், அல்லது வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

எஃப்.சி. எனும் வண்டித் தகுதிச் சான்றுச் சோதனைக்கு முன்னால் பளபளவென்று கறுப்புப் பெயிண்ட் அடித்துக் கொண்டுபோகும் பழக்கம் பற்றியும் சொல்லியாக வேண்டும். வாடகை, சுமை வண்டிகளுக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கொரு முறையும் அதற்குமேல் ஆண்டுதோறும் எஃப்.சி. வருகிறது. எப்படியும் பட்டறையில் விடுகிறோம், அந்த நேரத்தை மறைப்பதற்கு அல்லாமல் சேசிஸைச் சுரண்டிப் பார்ப்பதற்குப் பயன்படுத்துங்கள். அதே வண்டியில் நம் டிரைவர்தான் நாளைக்கு ஏறப்போகிறார்.

மீன் லோடு, உப்பு லோடு ஏற்றும் வண்டி. ஆண்டுக்கு ஆண்டு தகடு மாற்றுகிறோம்.

காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் ஐஸ் உருகி வழியும் மீன் தண்ணீர் வண்டியின் பின் குறுக்குச் சட்டத்தில் நாளெல்லாம் சொட்டுகிறது. அடிக்கிற பெயிண்டைவிட அந்தத் தண்ணீர் போகும் பாதையை மாற்றுவதில்தான் தீர்வு இருக்கிறது. தொட்டித் தளத்தில் ஒரே பக்கம் சரிவு வைத்து, ஒரு பைப் வழியாகக் கேனில் பிடித்து இறக்குமிடத்தில் கொட்டுங்கள். சாலையில் சொட்டிக்கொண்டு போவதும் நிற்கும், பின்னால் வரும் பைக் ஓட்டிகள் வழுக்கி விழ மாட்டார்கள். உப்பு லோடுக்கு தளத்தில் முழு தார்ப்பாய், ஓரங்களில் மடித்து. லோடு இறக்கிய அன்றே கழுவ வேண்டும், மறுநாள் என்று தள்ளக் கூடாது.

வெள்ளத்தில் வண்டி நின்றது. எஞ்சின் சரியாகிவிட்டது. அடிப்பகுதிக்கு என்ன செய்வது?

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், அதே மாதம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையிலும் ஆயிரக்கணக்கான வண்டிகள் மூழ்கின. எஞ்சினைக் காப்பாற்றிய பலரும் வண்டலை மறந்துவிட்டார்கள். கூடுகளுக்குள் படிந்த வண்டல் மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சீட், கார்பெட், அதற்கடியில் உள்ள பஞ்சு எல்லாவற்றையும் கழற்றுங்கள். சில், கதவு, சட்டம் ஒவ்வொன்றின் உள்ளேயும் தண்ணீர் விட்டு, வெளியே வருவது தெளியும்வரை கழுவுங்கள். கதவுகளைத் திறந்துவைத்து வெயிலில் பல நாள் காயவிடுங்கள். மெழுகு ஸ்பிரே அதற்குப் பிறகு.

வெள்ளமே பார்க்காத கார். ஆனால் முன் சீட் கார்பெட்டுக்கு அடியில் துரு. எப்படி?

பெரும்பாலும் ஏசி. குளிர்ந்த காயிலில் சேரும் நீர் ஒரு சிறு ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு வெளியே சொட்ட வேண்டும். அது தூசியில் அடைத்தால் நீர் உள்ளே இடப்பக்கக் கால் வைக்கும் இடத்தில் இறங்கும். கோடையில் ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். கார்பெட்டைத் தூக்கிக் கையால் அழுத்திப் பாருங்கள்.

சைலன்சர் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக வெளியேறுகிறது. கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் வண்டியில் சைலன்சர் முழுக்கச் சூடாவதற்குள் எஞ்சினை அணைத்துவிடுகிறோம். ஆவி உள்ளேயே நீராகத் தங்கி அரிக்கிறது. வாரம் ஒரு முறை அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள்.

சைலன்சர் ஓட்டையானால் சத்தம் வரும், அவ்வளவுதான். பிரேக் பைப் அப்படியில்லை. அடியில் ஓடும் மெல்லிய இரும்புக் குழாயில் செதில் துரு கண்டால் தேய்க்கவோ பெயிண்ட் அடிக்கவோ வேண்டாம், உடனே மாற்றிவிடுங்கள்.

மின்சாரக் கருவி ஒன்றை பேட்டரியில் மாட்டினால் துரு வராது என்கிறார்கள்?

கப்பலிலும் மண்ணுக்குள் புதைத்த குழாயிலும் மின்சாரம் பாய்ச்சித் துருவைத் தடுக்கும் அந்தத் தத்துவம் வேலை செய்கிறது. அங்கே இரும்பு முழுக்க நீரிலோ ஈர மண்ணிலோ இருப்பதால் மின்சுற்று முழுமையாகிறது. காற்றில் நிற்கும் காரில் அந்தச் சுற்று இல்லை. அந்தப் பணத்தில் இரண்டு டின் மெழுகு ஸ்பிரே வாங்கலாம்.

இன்சூரன்ஸில் துருவுக்குப் பணம் கிடைக்குமா?

கிடைக்காது. நாளடைவில் வரும் தேய்மானம் பாலிசியில் சேராது.

கடலோர ஊரிலிருந்து பழைய வண்டி வாங்குகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

அடியில் புத்தம்புதிய கறுப்புப் பூச்சு இருந்தால் முதல் சந்தேகம் அங்கேயே வரட்டும். பத்து வயது வண்டிக்கு இயல்பான அடிப்பாகம் மங்கலாக, ஆங்காங்கே மேல்துருவோடு இருக்கும். அது நேர்மையான துரு. சுரண்டிப் பார்க்க விற்பவர் அனுமதிப்பாரா என்று கேளுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்று அறிய, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து மண் கோடு தெரிகிறதா, சீட் போல்ட்டுகள் துருவேறியிருக்கின்றனவா, ஸ்டெப்னிக் குழியில் தண்ணீர் நின்ற தடம் உண்டா என்று பாருங்கள். கூடுதலாக மாட்டிய ஃபுட் ஸ்டெப், இழுவைக் கொக்கி இவற்றின் போல்ட் துளைகளையும் விடாதீர்கள். பெயிண்ட் இல்லாமல் போட்ட துளையிலிருந்துதான் பல சேசிஸ்கள் அரிக்கத் தொடங்குகின்றன.

பக்கத்து ஊர் மெக்கானிக்கை அழைத்துப்போய் லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். அதற்கு விற்பவர் மறுத்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.